வாழ்வின் பொருளும் விடுதலையும்: திருவெண்ணெய்நல்லூர் உணர்த்தும் சிந்தனைகள்

தோற்றுவாய்

மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள்தொட்டு அவனை விடாது தொடர்ந்துவரும் வினா ஒன்றுண்டு. ‘நான் எதற்காக வாழ்கின்றேன்? என் வாழ்வின் பொருள் யாது?’ என்பதே அவ்வினா. சமயங்கள் இதற்கு விடை கூறின. தத்துவங்கள் இதனை ஆராய்ந்தன. இலக்கியங்கள் இதனைப் பாடின. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய இருத்தலியலாரோ, வாழ்வுக்கு இயல்பாக அமைந்த பொருள் எதுவும் இல்லை என்றும், இவ்வுண்மையை ஏற்பவனே உரிமை பெற்ற மனிதன் என்றும் கூறினர்.

இக்கூற்றைக் கேட்ட அளவில் இறைநம்பிக்கை உடையோர் உள்ளம் துணுக்குறும். இளைஞர் உள்ளமோ, தளர்ச்சியுற்ற நேரங்களில் இதனை எளிதில் பற்றிக்கொள்ளும். ‘பொருளற்ற வாழ்வை ஏன் வாழ வேண்டும்?’ என்ற முடிவுக்கும் அது சென்றுவிடக் கூடும். ஆதலின் இக்கூற்றை ஒதுக்கிவிடுவதினும் ஆராய்ந்து தெளிவதே கல்விக்கூடத்திற்கு ஏற்ற முறையாகும். இதில் எப்பகுதி உண்மை, எப்பகுதி நமக்கு உடன்பாடன்று, இதனால் பெறும் விடுதலை எத்தகையது என்பவற்றை, விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் என்னும் ஊரைக் களமாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

தென்பெண்ணையாற்றுப் பகுதியில் அமைந்த அவ்வூர், கம்பரைப் போற்றிய சடையப்ப வள்ளலின் ஊராகத் தமிழ் மாணவர் அனைவர்க்கும் அறிமுகமானது. ஆயினும், அதனினும் ஆழமான சிறப்பொன்று அதற்கு உண்டு. மனித வாழ்வின் பொருள் முன்னரே எழுதப்பட்டதா, மனிதன் சார்ந்து பெறுவதா என்னும் வினாவுக்குரிய இருவேறு விடைகள் அவ்வூரோடு தொடர்புடையனவாக உள்ளன. ஒன்று சுந்தரரின் வரலாறு; மற்றொன்று மெய்கண்டாரின் நூல்.

‘பொருள்’ என்னும் சொல்

முதலில் சொல்லை ஆராய்வோம். தமிழில் ‘பொருள்’ என்பது பல பொருள் ஒருசொல். சொல்லின் கருத்து பொருள்; செல்வமும் பொருள்; கண்ணால் காணும் பண்டமும் பொருள்; மெய்ப்பொருள் என்னும்போது அது இறுதி உண்மையையும் குறிக்கின்றது. உறுதிப்பொருள் நான்கனுள் ஒன்றாகவும் இச்சொல் நிற்கின்றது. வாழ்வின் பொருளைத் தேடுவதாக எண்ணிப் பலர் செல்வமாகிய பொருளைத் தேடி ஓய்ந்துபோவதற்கு இச்சொல்லே சான்று கூறுவது போலும்!

‘வீடு’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்து, விடுதலையைக் குறிப்பது அது. அதே சொல் நாம் குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கின்றது. பற்றுகளை விட்ட நிலையும், பற்றுடன் வாழும் இடமும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றுள்ளன. விடுதலையைத் தேடிக் காட்டுக்கு ஓடவேண்டுவதில்லை என்னும் குறிப்பும் இதில் காணக் கிடக்கின்றது.

இலக்கணம் மேலும் ஒரு தெளிவைத் தருகின்றது. பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை நால்வகைப்படுத்தும் தொல்காப்பியர், இடைச்சொற்கள் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்குவன என்றும், தாமாகத் தனித்து இயங்கும் இயல்பு அவற்றுக்கு இல்லை என்றும் இடையியலில் விளக்குகின்றார். ‘உம்’ என்பதைத் தனியே ஒலித்துப் பாருங்கள். அதற்கு என்ன பொருள் கூற முடியும்? ‘அவனும் வந்தான்’ என்னும்போது அது மற்றொருவன் வந்ததை உணர்த்தும் எச்சம். ‘ஊரார் அனைவரும் வந்தனர்’ என்னும்போது முற்று. ‘கல்லும் கரையும்’ என்னும்போது சிறப்பு. இவ்வாறு உம்மைக்கு எட்டுப் பொருள்களை இலக்கணம் வகுத்துள்ளது. தனித்து நின்றபோது ஒரு பொருளும் இல்லாத சொல், சேர்ந்து நின்றபோது எட்டுப் பொருள் பெறுகின்றது.

மனித வாழ்வைப் பெயர்ச்சொல்லாக எண்ணித் தனித்த பொருளொன்றை அதனுள் தேடுவோர் ஏமாற்றம் அடைகின்றனர். அதனை இடைச்சொல்லாகக் கருதிப் பார்த்தால் வினாவே மாறிவிடுகின்றது. ‘என் வாழ்வின் பொருள் யாது?’ என்பது ‘என் வாழ்வு எதனோடு சேர்ந்து நிற்கின்றது?’ என்றாகின்றது. இக்கருத்தை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இருத்தலியலார் கூற்று

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் பால் சார்த்தர் (1905–1980), இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டு பாரிசு நகரில் புகழ்பெற்ற உரையொன்றை நிகழ்த்தினார். தாளை நறுக்கும் கத்தியை அதில் அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். கத்தியைச் செய்பவன், அது எதற்குப் பயன்படும் என்பதை முன்னரே மனத்தில் வரைந்துகொண்டு செய்கின்றான். ஆகவே கத்திக்கு அதன் நோக்கம் முந்தியது. அதன் இருப்பு பிந்தியது. மனிதனோ அத்தகையவன் அல்லன் என்பது சார்த்தரின் வாதம். மனிதன் முதலில் இருக்கின்றான். பின்னர்த் தன் தேர்வுகளாலும் செயல்களாலும் தன்னை இன்னான் என ஆக்கிக்கொள்கின்றான். ஆதலின் தன் செயலுக்குப் பிறப்பையோ சூழலையோ பிறரையோ காரணம் காட்டித் தப்பிக்க அவனுக்கு வழியில்லை. உரிமையும் பொறுப்பும் ஒருங்கே அவன்மேல் வந்து அமர்கின்றன.

அல்சீரியாவில் பிறந்த ஆல்பெர் காம்யு (1913–1960), 1942இல் வெளியிட்ட சிசிபசு பற்றிய நூலில் இவ்வினாவை இன்னும் கூர்மையாக எழுப்பினார். வாழ்வு பொருளற்றது எனின், உயிரை மாய்த்துக்கொள்வது அதற்குரிய விடையாகுமா என்பதே அந்நூலின் தொடக்கம். ஆகாது என்பதே அவர் கண்ட முடிவு. கிரேக்கத் தொன்மத்தில் வரும் சிசிபசு, பாறையொன்றை மலையுச்சிக்கு உருட்டிச் செல்லுமாறு தண்டிக்கப்பட்டவன். உச்சியை அடைந்ததும் பாறை மீண்டும் கீழே உருண்டுவிடும். அவன் இறங்கிச் சென்று மறுபடியும் உருட்டுவான். பயன் கிட்டாது என்பதை முற்றும் அறிந்தும் அவன் தன் பணியைத் தனதாகவே ஏற்கும் கணத்தில், தண்டித்தவர்களின் ஆற்றல் அவன்மீது செல்லாதொழிகின்றது. அவன் மகிழ்ச்சியுடையவனாகவே இருக்கக் கூடும் என்று காம்யு கருதினார். பதினேழு வயது முதல் காசநோயால் துன்புற்றவர் அவர். நாடு பகைவர் வசப்பட்டிருந்த காலத்தில் வெளிவந்தது அந்நூல். வாழ்வை வெறுத்து எழுதிய நூலாக அதனைக் கொள்வது பிழை. பொய்யான ஆறுதல் எதனையும் வேண்டாது வாழ்வைத் தழுவிக்கொண்ட ஒருவரின் நூல் அது.

இவர்கள் இருவரும் இறைநம்பிக்கை இல்லாதவர்கள். அவ்வகையில் அவர்கள் முடிவு நமக்கு உடன்பாடன்று. ஆயினும், பிறர் நம் நெற்றியில் ஒட்டிவைத்த பொருள்களைக் கிழித்தெறியும் துணிவை அவர்களிடம் காணலாம். அத்துணிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

கிழிக்கப்பட்ட ஓலை

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதி அமைந்துள்ளது. திருநாவலூரிற் பிறந்து, நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசரின் வளர்ப்பு மகனாக வளர்ந்த நம்பியாரூரர்க்குப் புத்தூரில் திருமணம் நிகழவிருந்தது. அவ்வேளையில் முதியவர் ஒருவர் பந்தலுட் புகுந்து, ‘இம்மணமகன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது’ என வழக்கிட்டார். அந்தணன் மற்றோர் அந்தணனுக்கு அடிமையாதல் உண்டோ என்று நகைத்த நம்பியாரூரர், அவரைப் பித்தன் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் உள்ளது என்றார் முதியவர். வழக்கு அவ்வூர் அவையின்முன் சென்றது. அவையத்தார் பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஓலையை ஒப்புநோக்கி, வழக்கு முதியவர் பக்கமே எனத் தீர்ப்பளித்தனர். வழக்குத் தீர்த்த மண்டபம் என்று அவ்வூர்க் கோயிலில் ஒரு மண்டபம் இன்றும் சுட்டப்பெறுகின்றது.

சார்த்தரின் எடுத்துக்காட்டை மனத்திற்கொண்டு இவ்வரலாற்றைப் படித்தால் வியப்புத் தோன்றும். ஒருவன் பிறப்பதற்கு முன்னரே அவன் யார் என்று எழுதிவைத்த ஓலை இது. கத்திக்கு முந்திய நோக்கம் போல, நம்பியாரூரருக்கு முந்திய ஆவணம் ஒன்று இருந்திருக்கின்றது. அவர் அதனைக் கிழித்தார். உரிமை வேட்கை கொண்ட எந்த இளைஞனும் செய்யக்கூடிய செயலே அது. ஆயினும் வழக்கின் முடிவில் அவர் இழந்தவை எவை? மணமகன் என்ற நிலை, அரசரின் செல்வ மகன் என்ற பெருமை, பிறப்பால் தாம் யார்க்கும் ஆட்பட வேண்டாதவர் என்ற எண்ணம் ஆகியவையே. அவர் தம் வாழ்வின் இயல்பான பொருள் என நம்பியிருந்தவை யாவும் ஒரே பகலில் அவரைவிட்டு நீங்கின.

அவற்றை இழந்தவர் பெற்றது என்ன? ‘அடிமை’ எனத் தீர்ப்புப் பெற்ற அவரே பின்னாளில் ‘தம்பிரான் தோழர்’ எனப் போற்றப்பட்டார். வாதிட்டமையால் ‘வன்றொண்டர்’ என்னும் பெயரையும் பெற்றார். பித்தன் என்று வைத சொல்லே அவர்தம் முதற்பாடலின் முதற்சொல்லாயிற்று. இறைவனிடம் பொன் கேட்கவும், நெல் கேட்கவும், ஊடல் தீர்க்கத் தூதுபோகச் சொல்லவும் உரிமை பெற்றவராக அவரைச் சேக்கிழார் காட்டுகின்றார். அடிமையோலை தோழமையாக மலர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் உள்ளுறை.

இசுலாமியர்க்கு இக்கருத்து அயலானதன்று. ‘அப்து’ என்னும் அரபுச் சொல்லுக்கு அடிமை என்பதே பொருள். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான், அப்துல் காதிர் என நம் இல்லங்களில் வழங்கும் பெயர்கள் யாவும் ஆளோலைகளே. ஆதமின் மக்கள் அனைவரும் உலகிற்கு வருமுன்னரே தம் இறைவனை இறைவனென ஒப்பிச் சான்று பகர்ந்தனர் என்று திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் கூறுகின்றது. அதுவும் பிறப்புக்கு முந்திய ஓர் ஒப்பந்தமே. ஒருவனுக்கு மட்டுமே அடிமை என்று ஏற்றவன், அரசனுக்கும் செல்வனுக்கும் சாதிக்கும் ஊரார் வாய்க்கும் அடிமை ஆகான். இறைவனின் தோழர் என்று பொருள்படும் ‘கலீலுல்லாஹ்’ என்னும் பட்டம் பெற்ற இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், தந்தையின் வழக்கத்தையும் மன்னனின் ஆணையையும் எதிர்த்து நின்றது இவ்விடுதலையின் வலிமையாலேயாகும். சமயங்கள் வேறு, கோட்பாடுகள் வேறு. எனினும், ஆட்படுதலில் விடுதலை காணும் இப்பாங்கு இரண்டிடத்தும் ஒத்திருத்தல் எண்ணத்தக்கது.

சார்ந்ததன் வண்ணம்

அதே திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் மெய்கண்டார். பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளருக்கு மகனாகப் பிறந்த இவரது இயற்பெயர் சுவேதவனப் பெருமாள். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்தில் வளர்ந்தபோது பரஞ்சோதி முனிவரால் அறிவுறுத்தப் பெற்றார் என்பர். அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால், 40 அடிகளால் ஆகிய மிகச் சிறிய நூல். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் தலையாயது அதுவே.

அந்நூலின் ஏழாம் சூத்திரம் நம் வினாவுக்கு நேராக விடை கூறுகின்றது. என்றும் உள்ளதாகிய மெய்ப்பொருளின் முன் உலகப் பொருள்கள் யாவும் சூனியமாய் விடுகின்றன என்பது அதன் முதற்கருத்து. அவ்விரண்டையும் அறியும் உயிரோ, அவ்விரண்டும் அல்லாத ஒன்றாக நிற்கின்றது என்பது அடுத்த கருத்து. உயிர் தனக்கெனத் தனி வண்ணம் இல்லாதது. எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாவது என்று சித்தாந்தம் விளக்கும். பளிங்கைச் செம்பட்டின்மேல் வைத்தால் சிவப்பாகத் தோன்றும். நீலப்பட்டின்மேல் வைத்தால் நீலமாகத் தோன்றும். பளிங்குக்கு நிறம் இல்லை என்பது குறையாகாது. நிறமில்லாமையாலேயே அது எந்நிறத்தையும் ஏற்கின்றது. ஒளியையும் தன்னூடே செல்லவிடுகின்றது. தொல்காப்பியரின் இடைச்சொல்லும் மெய்கண்டாரின் உயிரும் இவ்வகையில் ஓரினத்தன எனலாம்.

இங்கே சார்த்தரும் மெய்கண்டாரும் ஓரிடத்தில் சந்தித்து, அடுத்த அடியிலேயே பிரிகின்றனர். மனிதனுக்கு முன்கூட்டியே பூசப்பட்ட நிறம் இல்லை என்பதில் இருவரும் ஒருபுடை ஒப்பர். நிறத்தை மனிதன் தானே படைத்துக்கொள்கின்றான் என்பது சார்த்தர் கூற்று. நிறம் சார்பினால் வருவது, சாரத்தக்கதைச் சார்க என்பது மெய்கண்டார் நெறி.

மெய்கண்டார் வாழ்வில் நிகழ்ந்ததாக வழங்கும் செய்தியொன்று ஆசிரியர்களாகிய நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. ஆகமங்கள் யாவும் கற்றமையால் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியார், மெய்கண்டாரின் குடும்பத்திற்கே குருவாக விளங்கியவர். இளம்பிள்ளை ஒருவர் பாடம் சொல்வதைக் கேள்வியுற்ற அவர், அங்குச் சென்று, ‘ஆணவத்தின் வடிவம் யாது?’ என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் உரையாது, வினவிய அருணந்தியையே அடிமுதல் முடிவரை சுட்டிக்காட்டினார் என்பர். தம் புலமையே தம் வாழ்வின் பொருள் எனச் சுமந்து நின்ற பேரறிஞர், அக்கணத்தில் அச்சுமையை இறக்கிவைத்து மாணவரானார். பின்னர்ச் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை அவர் இயற்றினார். சுமையை இறக்கிய பின்னரே அவரது கல்வி பிறருக்குப் பயன்பட்டது.

நாவடங்கிய பேராசிரியர்

இதற்கு இணையான வரலாறு இசுலாமிய உலகிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) பாக்தாது நகரின் நிஜாமியாக் கல்லூரியில் 1091 முதல் தலைமைப் பேராசிரியராக விளங்கினார்கள். முப்பத்து மூன்று வயதிலேயே அப்பெரும் பதவி அவர்களுக்குக் கிட்டியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள், அரசவையின் மதிப்பு, நாடெங்கும் புகழ் என யாவும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. அந்நிலையில் தம் கற்பித்தலின் நோக்கத்தைத் தாமே ஆராய்ந்தபோது, அது இறைவனுக்காக அன்றிப் புகழுக்காகவே நிகழ்வதாக அவர்கள் உணர்ந்தார்கள். பல திங்கள் மனம் ஊசலாடியது. 1095ஆம் ஆண்டில் நா எழாமையால் பாடம் நடத்தவும் இயலாது போயிற்று, உணவும் செல்லவில்லை. மருத்துவர்களும் கைவிட்டனர். பதவியைத் துறந்து பாக்தாதை விட்டு வெளியேறிய அவர்கள், டமாஸ்கசு, ஜெருசலம், மக்கா முதலிய இடங்களில் தனித்திருந்தும் வணங்கியும் வாழ்ந்தார்கள். ஏறத்தாழப் பதினோராண்டுகளுக்குப் பின் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

இவ்வரலாற்றைத் தம் தன்வரலாற்று நூலில் அவர்களே எழுதிவைத்துள்ளார்கள். பழைய வகுப்பறைக்கும் புதிய வகுப்பறைக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை இல்லை. அதே பாடம், அதே பணி. மாறியது ‘நிய்யத்’ எனப்படும் உள்ளக் கருத்து ஒன்றே. செயலின் மதிப்பு அதன் எண்ணத்தைப் பொறுத்தது என்னும் நபிமொழியோடு புகாரித் தொகுப்பு தொடங்குவதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். செயல் தன்னளவில் வெறுமையானது. எண்ணமே அதற்குப் பொருளூட்டுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்நாட்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இவ்வழியில் நின்றவர். திருமணப் பேச்சு எழுந்த இளம்பருவத்திலேயே துறவு பூண்டு, பல ஊர்களில் அலைந்து, இறுதியில் சென்னையில் வாழ்ந்து மறைந்தார். உலகம் மதிக்கும் பொருள்கள் யாவற்றையும் வெறுமை எனக் கண்டவர் அவர். அவர் பாடல்களிலோ சோர்வின் நிழல் இல்லை. காதலின் களிப்பே மிக்குள்ளது.

முரண்போலத் தோன்றும் இரண்டு கூற்றுகள்

இனி ஓர் ஐயம் எழலாம். வாழ்வுக்கு இயல்பான பொருள் இல்லை என்பதை ஓர் இசுலாமியன் எவ்வாறு ஏற்க இயலும்? வானமும் பூமியும் விளையாட்டாகப் படைக்கப்படவில்லை என்றும், மனிதன் வீணுக்காகப் படைக்கப்படவில்லை என்றும் திருக்குர்ஆன் கூறுகின்றதே எனலாம். உண்மை. அதே திருமறை, இவ்வுலக வாழ்வு விளையாட்டும் வேடிக்கையும் பகட்டும் பெருமையடித்தலுமே ஆகும் என்று 57ஆம் அத்தியாயத்தில் கூறுவதையும் உடன் நோக்க வேண்டும். மழைகண்டு செழித்த பயிர் பின்னர்ப் பழுத்துச் சருகாவதை அது உவமையாக்குகின்றது.

இவ்விரண்டும் முரணல்ல. படைப்பு முழுமைக்கும் படைத்தவனிடத்து நோக்கம் உண்டு என்பது முதற்கூற்று. உலகப் பொருள்களுள் எதுவும் தன்னளவில் நம் வாழ்வின் பொருளாகி நிற்கும் தகுதி உடையதன்று என்பது இரண்டாவது. மேலும், படைப்பின் நோக்கம் உண்டென நம்புவது வேறு. என் வாழ்வில் நிகழும் ஒவ்வொன்றின் காரணமும் எனக்குத் தெரியும் என்று எண்ணுவது வேறு. மூஸா நபி (அலை) அவர்களோடு சென்ற ஞானி மரக்கலத்தைப் பழுதாக்கியதும் இடியவிருந்த சுவரை எழுப்பியதும் அந்நேரத்தில் மூஸாவுக்கு விளங்கவில்லை. நபிக்கே விளங்காதது நமக்கு உடனே விளங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

2024 நவம்பர் 30ஆம் நாள் கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் கண்ட மழையையும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. பயிரும் கால்நடையும் வீடும் இழந்தோர் பலர். அவ்வெள்ளத்தின் பொருள் யாது? இழந்தவனிடம் சென்று, ‘இது உன் நன்மைக்கே’ என்று கூறுவது பக்தியாகாது, அது இரக்கமின்மையாகும். பொருள் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழிசெய்தவனே அந்நிகழ்வுக்குப் பொருள் தந்தவன். வெள்ளம் தன்னளவில் வெள்ளமே. அதனருகே மனிதர் எவ்வாறு நின்றனர் என்பதிலேயே அதன் பொருள் பிறக்கின்றது.

இவ்வெள்ளத்தை நினைக்கும்போது கணியன் பூங்குன்றனார் நினைவுக்கு வருகின்றார். புறநானூற்றின் 192ஆம் பாடலில், மழைப் பெருக்கால் கற்களை அலைத்து ஓடும் பேராற்றில் நீர்வழிப்படும் புணைபோல உயிர் செல்லும் என்று அவர் காண்கின்றார். அதனின்று அவர் பெறும் முடிவே வியத்தற்குரியது. ஆகவே பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்கின்றார். ஆற்றின் போக்கு தம் விருப்பப்படி அமைவதன்று என்று ஏற்றுக்கொண்டவர்க்கே அந்தச் சமநோக்கு வாய்த்தது. திருக்குறளின் வைப்புமுறையும் இதற்கு அரண் செய்கின்றது. நிலையாமை (34), துறவு (35), மெய்யுணர்தல் (36), அவாவறுத்தல் (37) என அதிகாரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. நிலையாமையை அறிதல் முதற்படி, அதுவே முடிவன்று. அதனைக் கூறிய வள்ளுவரே பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் யாது? இன்றைய மாணவர் தோளில் ஏற்றப்படும் ‘பொருள்கள்’ பல. மேனிலைத் தேர்வு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, வெளிநாட்டு வேலை, உறவினர் மெச்சும் திருமணம் ஆகியவை ஒவ்வொன்றும் ‘இதுவே உன் வாழ்வின் பொருள்’ எனக் கூறப்படுகின்றன. பாட்டன் எழுதிய ஓலை போல, பிறக்கும்போதே பெற்றோர் மனத்தில் இவை எழுதப்பட்டு விடுகின்றன. அவ்வாறு எழுதப்பட்ட ஒன்று கைகூடாதபோது, தன் வாழ்வே பொருளிழந்ததாக இளையோர் கருதிவிடுகின்றனர். தேர்வு முடிவு வெளியாகும் காலங்களில் நாளேடுகளில் நாம் படிக்கும் துயரச் செய்திகள் இதன் விளைவேயாகும்.

அத்தகைய மாணவரிடம் நாம் கூற வேண்டுவது இது. கிழிந்தது படியோலை மட்டுமே. மதிப்பெண்ணுக்குள் உன் வாழ்வின் பொருள் ஒருநாளும் இருந்ததில்லை. ஆதலின் அதனோடு அது போய்விடவும் இல்லை. மதிப்பெண் வெறும் எண். அதனை மருத்துவனாகிப் பிறர் நோய் தீர்க்கும் எண்ணத்தோடு சேர்த்தால் ஒரு பொருள். பக்கத்து வீட்டாரை வெல்லும் எண்ணத்தோடு சேர்த்தால் வேறொரு பொருள். அந்த எண்ணம் தேர்வில் தோற்றவனிடமும் அப்படியே இருக்கக் கூடும். அதனைச் செயற்படுத்த வேறு நூறு வழிகள் உண்டு.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். உரிமை என்பது பொறுப்பைத் துறப்பதாகாது. தன் ஓலையைத் தானே எழுதும் பிள்ளை, அதில் பெற்றோரின் முதுமையையும் ஊரின் நலத்தையும் சேர்த்தே எழுதக் கூடும். அதற்கு முதலில் எழுத்தாணி அவன் கையில், அவள் கையில் இருத்தல் வேண்டும். பெண்மக்கள் செய்தியில் இது மிகவும் எண்ணத்தக்கது; அவர்களுடைய ஓலைகளே இன்னும் பெரும்பாலும் பிறர் கையெழுத்தில் உள்ளன.

இன்னும் ஒன்றைத் தெளிவுறுத்துதல் கடமையாகும். தத்துவச் சிந்தனையால் தோன்றும் வெறுமையுணர்வு வேறு; உறக்கமும் உணவும் குன்றி, நாளும் வாட்டும் மனச்சோர்வு வேறு. பின்னையது நோய். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போல அதற்கும் நாட வேண்டும். நம்பத்தகுந்த ஆசிரியரிடமோ உறவினரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது ஈமானில் குறை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. மாபெரும் இமாமுக்கே நா எழாத நாள்கள் இருந்தன. அவர்களுக்காக மருத்துவர் அழைக்கப்பட்டனர்.

நிறைவாக

வாழ்வுக்கு இயல்பான பொருள் இல்லை என்னும் கூற்றில் ஒரு பாதி நமக்கு உடன்பாடு; மறுபாதி உடன்பாடன்று. செல்வம், பதவி, குலம், புகழ் என்பவை தம்மளவில் வெறுமையே என்பதைச் சார்த்தரும் மெய்கண்டாரும் கஸ்ஸாலியும் தத்தம் வழியில் கண்டனர். அவ்வெறுமையை ஏற்றபோது அச்சமும் பொறாமையும் போலிப் பெருமையும் கழன்று விழுந்தன. அதுவே அவர்கள் பெற்ற விடுதலை. அதற்குப் பின் எதனைச் சார்வது என்பதில் அவர்கள் வழிகள் பிரிகின்றன. தானே படைத்த தேர்வைச் சார்ந்தார் ஒருவர். சிவத்தைச் சார்ந்தார் ஒருவர். அல்லாஹ்வைச் சார்ந்தார் ஒருவர். அவ்வேறுபாடு சிறிதன்று, அதனை மறைக்கவும் வேண்டியதில்லை. நம் நம்பிக்கையில் நாம் நின்றுகொண்டே பிறர் நூலை மதித்துக் கற்க இயலும் என்பதற்கு நம் தமிழ்த்துறைகளே சான்றாக உள்ளன.

பளிங்கு ஒருபோதும் நிறமின்றி வெளியில் மிதப்பதில்லை. எப்போதும் ஏதேனும் ஒன்றின்மேல் வைக்கப்பட்டே இருக்கின்றது. எதன்மேல் வைப்பது என்பதே நம் கையிலுள்ள உரிமை. அதனை நாள்தோறும், வகுப்பறையிலும் வயலிலும் கடைத்தெருவிலும் நாம் செலுத்தியே வருகின்றோம். அறிந்து செலுத்துவோமாக.